கேமரா கேட்கிறோம், அதற்கு முன் மைக்கைத் திறந்து வையுங்கள்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும், செயற்குழுவுக்கும், நடுவர் துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

2024 ஜூனில் நீங்களே ஒரு புகார்க் கடிதம் எழுதினீர்கள். பேச்சை அதிலிருந்தே தொடங்குகிறோம்.

அந்த மாதம் 11-ம் தேதி, தோஹாவில் கத்தாரோடு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். சாங்தே 37-வது நிமிடத்தில் போட்ட கோலில் இந்தியா 1-0 என்று முன்னால் நின்றது. 73-வது நிமிடம், கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் விழுந்து தடுத்தார். பந்து அவர் மேல் பட்டு உருண்டு, கம்பத்துக்கு வெளிப்புறம் எல்லைக்கோட்டை முழுதாகத் தாண்டிவிட்டது. தாண்டிய பந்தை ஒருவர் காலால் உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். நம் பையன்கள் கார்னர் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை, நடுவர் கோல் கொடுத்தார். ரீப்ளே பார்த்து முடிவைத் திருத்தும் வீடியோ நடுவர் முறை, அதாவது வி.ஏ.ஆர்., அந்தச் சுற்றில் கிடையாது. 85-வது நிமிடத்தில் இன்னொரு கோல், 1-2, மூன்றாம் சுற்றுக் கனவு அதோடு சரி. மறுநாளே ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் எழுதி விசாரணை கேட்டீர்கள். சரியான வேலை. நாங்களும் கைதட்டினோம்.

இப்போது எங்கள் கேள்வி. ஒரு தவறான முடிவுக்கு விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றால், உங்கள் லீக்கில் ஆடும் கிளப்புக்கும், சீட்டு வாங்கி கேலரியில் உட்காரும் ரசிகனுக்கும் அந்த உரிமை ஏன் இல்லை? ஃபிஃபாவிடம் நீங்கள் எதிர்பார்த்த பதிலை உங்களிடம் எதிர்பார்ப்பவர்களுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் அபராத நோட்டீஸ்தான்.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா அரங்கம். நாங்கள் சென்னை ஆட்கள், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வக்காலத்து வாங்க எங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. கொச்சிக்காரர்களும் எங்களுக்காக ஒருநாளும் வாங்கியதில்லை. ஆனாலும் அவர்கள் பெங்களூருவோடு ஆடிய அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்கின் நடுவர் பிரச்சினையைப் பேச முடியாது. 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் முதல் பாதியில் பெங்களூருவுக்குப் பெனால்டி பெட்டிக்கு வெளியே ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் கோட்டை விட்டு விலகி நின்று தடுப்புச் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுனில் சேத்ரி விசில் இல்லாமல் பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். காத்திருந்து பார்த்துவிட்டு பெங்களூரு வென்றதாக அறிவித்தார்கள்.

அந்த நடுவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரே திட்டித் தீர்த்துவிட்டது, நாங்கள் வேறு எதற்கு? அந்த முடிவில் எது கேள்விக்குரியது, எது கேள்விக்குரியதல்ல என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

விசில் இல்லாமல் ஃப்ரீ கிக் எடுக்கலாமா? எடுக்கலாம். ஆட்டச் சட்டம் அதை அனுமதிக்கிறது. பந்து அசையாமல், சரியான இடத்தில் இருந்தால் போதும். எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது தாக்கும் அணிக்குக் கிடைத்த சலுகை, வேண்டாமென்றால் அவர்கள் அதை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் நடுவர் குறுக்கே வந்து, விசிலைக் கையில் தூக்கிக் காட்டி, அடிகளை எண்ணி, ஸ்ப்ரேயால் கோடு போட்டு, சுவரைப் பின்னால் தள்ள ஆரம்பித்துவிட்டால் கதையே வேறு. அந்த நொடியிலிருந்து அது விசில் ஃப்ரீ கிக். ஊதும் வரை யாரும் தொடக்கூடாது, தொட்டால் திரும்ப எடுக்கச் சொல்லவேண்டும். சிக்கல் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். நடுவர் ஒரு பக்கம் தாக்கும் வீரரிடம் ஒன்று சொல்வார், இன்னொரு பக்கம் சுவரைப் பார்த்துக் கை காட்டுவார். சுவரில் நிற்பவன் அந்தக் கையைப் பார்த்து 'சரி, விசிலுக்குக் காத்திருக்கலாம்' என்று நினைப்பான். பந்தருகே நிற்பவனுக்குக் காதில் விழுந்தது வேறு. விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்ததாக சேத்ரி பிறகு சொன்னார். பிளாஸ்டர்ஸ் தரப்பு அதை ஏற்கவில்லை.

ஆக, அந்த இரவின் முழு வழக்கும் ஒரே ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது: நடுவர் வாயால் என்ன சொன்னார்?

இதற்கு வி.ஏ.ஆர். பதில் சொல்லாது. பத்து கேமரா வைத்தாலும் உதடு அசைவதுதான் தெரியும். கேலரியில் பாதிப்பேர், எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான், 'வி.ஏ.ஆர். இருந்திருந்தால்' என்று இன்னமும் இந்த ஆட்டத்தை உதாரணம் காட்டுகிறார்கள். தப்பான உதாரணம். தோஹா கோல் கேமரா கேட்கும் வழக்கு, கோட்டருகே ஒரு கோணம் இருந்தால் பத்து நொடியில் முடிந்திருக்கும். கண்டீரவா கோல் மைக் கேட்கும் வழக்கு. நடுவர்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். அந்தப் பேச்சு பதிவாகிறது என்றால் ஏன் எங்கள் காதுக்கு வரவில்லை? பதிவாகவில்லை என்றால் ஏன் பதிவு செய்யவில்லை?

வேறு ஊரில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்து லீக்கில் டாட்டன்ஹாம்-லிவர்பூல் ஆட்டம். லூயிஸ் டியாஸ் போட்ட கோலுக்குக் களத்தில் ஆஃப்சைடு கொடுத்தார்கள். வீடியோ அறையில் இருந்தவர் அது ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே பார்த்தார். ஆனால் களத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு 'செக் கம்ப்ளீட்' என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடர்ந்த பிறகுதான் புரிந்தது, அதற்குள் கை மீறிவிட்டது. மூன்றே நாளில், அக்டோபர் 3 அன்று, இங்கிலாந்து நடுவர் அமைப்பு அந்த ஒலிப்பதிவை அப்படியே வெளியிட்டது. கேட்கவே கூசியது. ஆனால் அதைக் கேட்ட பிறகு சதி என்று பேசியவர்களின் வாய் ஓரளவு அடங்கியது. அவசரத்தில் பேசப்பட்ட இரண்டு வார்த்தைதான் வினை என்று குழந்தைக்கும் புரிந்தது. தவற்றை மூடி வைத்தால் அது சூழ்ச்சி மாதிரி தெரியும், திறந்து காட்டினால் தவறாகத்தான் தெரியும்.

நம் ஊரில் என்ன நடந்தது? பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி அபராதம், மன்னிப்புக் கேட்காவிட்டால் 6 கோடி. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். மைதானத்தை விட்டு வெளியேறியதற்குத் தண்டனை வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. நாளைக்கு ஒவ்வொரு அணியும் கோபித்துக்கொண்டு கிளம்பினால் லீக் நடக்குமா? அவர்கள் கேட்ட மறு ஆட்டமும் கிடைத்திருக்கக் கூடாதுதான். கோலா இல்லையா என்பது போன்ற களத்து உண்மைகளில் நடுவர் சொன்னதே இறுதி. மறு ஆட்டம் என்பது சட்டத்தையே தப்பாகப் பயன்படுத்தினால்தான் பேச்சுக்கே வரும். 2005-ல் உஸ்பெகிஸ்தான்-பஹ்ரைன் ஆட்டத்தில், பெனால்டி எடுக்கும்போது உஸ்பெக் வீரர் ஒருவர் முன்கூட்டியே பெட்டிக்குள் ஓடிவந்தார். திரும்ப எடுக்கச் சொல்லவேண்டிய நடுவர், பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஃபிஃபா அந்த ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆடவைத்தது. கண்டீரவா எந்த வகை என்று தீர்மானிக்கவும் அந்த ஒலிப்பதிவுதான் வேண்டும். பாருங்கள், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

அந்த அபராதம் எங்கே போய் இறங்கியது என்பதையும் சொல்லவேண்டும். 2023 ஜூனில், உங்கள் அபராதத்தைக் காரணம் காட்டி, பிளாஸ்டர்ஸ் தன் பெண்கள் அணியை நிறுத்தி வைத்தது. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு நடுவர் கோல் கொடுத்ததற்கு, சம்பந்தமே இல்லாத பெண்கள் தங்கள் அணியை இழந்தார்கள். பழி கிளப்பின் மேல்தான், வேறு செலவைக் குறைத்திருக்கலாம். ஆனால் தொகையை எழுதியவர்களும் அது எங்கே வலிக்கும் என்று யோசித்திருக்கலாம்.

அதே வருடம் நவம்பர் 29, கொச்சியில் எங்கள் சென்னையின் எஃப்.சி.யும் பிளாஸ்டர்ஸும் 3-3. ஆட்டம் முடிந்து நடுவர்களைப் பற்றி வுகோமனோவிச் பேசினார். ஒரு ஆட்டத் தடை, 50,000 ரூபாய் அபராதம். அந்த டிசம்பரில் மும்பை சிட்டி-மோகன் பகான் ஆட்டத்தில் ஏழு சிவப்பு அட்டை பறந்தது. ஏழு! நடுவர் தரம் பற்றி வாய் திறந்தால் ரசீது வருகிறது. நடுவர் தரம் பற்றி ஒரு அறிக்கை வருவதில்லை.

நடுவர்கள் பக்கமும் நின்று சில விஷயம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் அலட்சியத்தில் முதலில் அடிபடுவது அவர்கள்தான். ஃபிஃபா தரத்து உடல்தகுதித் தேர்வில் ஆண் நடுவர் 40 மீட்டரை 6 நொடிக்குள் ஆறு முறை ஓடவேண்டும். பிறகு 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடந்து, இப்படியே 40 தடவை. இதற்குத் தினசரிப் பயிற்சி வேண்டும். நம் நடுவர்களில் பலர் வேறு வேலையில் இருந்துகொண்டு, லீவு போட்டு, விமானம் ஏறி வந்து விசில் ஊதுகிறார்கள். வெளிநாட்டு முன்கள வீரரின் வேகத்தோடு ஓடச் சொல்கிறோம்.

லைன்ஸ்மேன் விஷயத்தில் கண்ணே ஏமாற்றும். கோல்கீப்பரை விட்டால் கடைசியாக நிற்கும் பாதுகாப்பு வீரருக்கு நேர் கோட்டில் அவர் நிற்கவேண்டும். எதிர்த்தாக்குதல் வேகத்தில் ஒன்றரை மீட்டர் பின்தங்கிவிட்டார் என்று வையுங்கள். தன் பக்கத்தில் ஓடும் முன்கள வீரரும் அந்தப் பக்கத்துப் பாதுகாப்பு வீரரும் சமமாக இருந்தாலும், அருகில் இருப்பவர் முன்னால் நிற்பதுபோலத் தெரியும். கொடி ஏறும், நல்ல கோல் போகும். முன்கள வீரர் தூரத்துப் பக்கம் இருந்தால் நேர் எதிர்: உண்மையிலேயே ஆஃப்சைடில் இருப்பவர் உள்ளே இருப்பதுபோலத் தெரிவார், கொடி ஏறாது. கேலரியில் கத்துகிறோமே 'காசு வாங்கிட்டான்' என்று, பாதி நேரம் ஒன்றரை மீட்டர்தான் காரணம். அந்த ஒன்றரை மீட்டரைக் குறைக்க வழி இரண்டு. முழுநேர நடுவர், இல்லையென்றால் ரீப்ளே.

ரீப்ளே என்றதும் செலவு என்று சொல்வீர்கள். முழு வி.ஏ.ஆர். செலவுதான்: தனி அறை, வீடியோ நடுவர், துணை வீடியோ நடுவர், ரீப்ளே இயக்குபவர், ஆஃப்சைடு கோட்டுக்குக் கேமராக்களை அளந்து பொருத்துவது, எல்லாவற்றுக்கும் ஃபிஃபா அங்கீகாரம். 2023-ல் 'வி.ஏ.ஆர். லைட்' என்று மலிவான ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவருவதாக உங்கள் தலைவரே பேசினார். 2023-24 முடிந்தது. 2024-25 முடிந்தது. லைட்டும் வரவில்லை, வெயிட்டும் வரவில்லை.

இடையில் ஃபிஃபாவே அதைவிட எளிய ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது, ஃபுட்பால் வீடியோ சப்போர்ட். வீடியோ நடுவர் என்று யாருமே கிடையாது. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆட்டத்துக்கு இரண்டு முறையீடு. விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காம் நடுவரிடம் அட்டையைக் கொடுத்தால், களத்து நடுவரே கோட்டருகே இருக்கும் திரையில் பார்த்து முடிவு சொல்வார். முறையீடு ஜெயித்தால் கணக்கில் கழியாது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம், இவ்வளவுதான் கேட்கலாம். 2025-26-ல் இத்தாலியின் மூன்றாம் நிலை லீக்கான சீரி சி-யிலும் ஸ்பெயினின் பெண்கள் லீக்கிலும் இது வந்துவிட்டது. குறைகளும் உண்டு. கேமரா குறைவாக இருந்தால் அங்குல ஆஃப்சைடு தெரியாது. சில பயிற்சியாளர்கள் 20-வது நிமிடத்துக்குள் இரண்டையும் வீணடித்துவிட்டுக் கடைசியில் கையைப் பிசைவார்கள். அது அவர்கள் பாடு. தோஹா மாதிரி கோலை இது நிச்சயம் பிடித்திருக்கும். ஐ.எஸ்.எல். நேரலையில் வீட்டில் இருப்பவர் மூன்று கோணத்தில் ரீப்ளே பார்க்கிறார், கேலரியில் இருப்பவர் போனில் பார்க்கிறார். மைதானத்திலேயே அதைப் பார்க்க முடியாத ஒரே ஆள் நடுவர்தான்.

எங்கள் வீட்டுக் குப்பையையும் மறைக்கப் போவதில்லை. 2015-லும் 2017-18-லும் கோப்பை தூக்கிய எங்கள் சென்னையின் அணி, 2019-20-ல் இறுதி வரை போன அணி, 2024-25-ல் 24 ஆட்டத்தில் 27 புள்ளியோடு 13 அணிகளில் 11-வதாக முடித்தது. எங்கள் ஆட்கள் சிலர் இதற்கும் நடுவரைக் கைகாட்டுகிறார்கள். பிளே-ஆஃபுக்குப் போகும் கடைசி இடமான ஆறாம் இடம் பிடித்த மும்பை 36 புள்ளி. வித்தியாசம் ஒன்பது. ஒன்பது புள்ளியை எந்த லைன்ஸ்மேனும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகவில்லை. 2020 இறுதிக்கு அழைத்துப்போன பயிற்சியாளர் ஓவன் கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார், 15 கோல் போட்ட வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். 2022 ஜனவரியில் சாங்தே மும்பைக்குப் போய், அடுத்த சீசனிலேயே லீக்கின் சிறந்த வீரரானார். 2023-ல் அனிருத் தாபா மோகன் பகானுக்குப் போனார். லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச், மறுபடி கோய்ல் என்று பயிற்சியாளர் நாற்காலி சுழன்றது. வளர்த்து விற்பதற்கும் விற்று வளர்வதற்கும் வித்தியாசம் உண்டு, எங்கள் உரிமையாளர்கள் இரண்டாவதைச் செய்யவில்லை. கொச்சியிலும் இதே கதைதான். மூன்று சீசனும் பிளே-ஆஃப் கொண்டுபோன பயிற்சியாளரை 2024 ஏப்ரலில் அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் டிசம்பரைத் தாண்டவில்லை, அணி எட்டாவது.

இதை ஏன் உங்களுக்கு எழுதும் கடிதத்தில் சொல்கிறோம் என்றால், நீங்கள் தரும் மௌனம் இந்த உரிமையாளர்களுக்குத்தான் வசதியாக இருக்கிறது. நடுவர் முடிவுகளுக்குக் கணக்கு இல்லாதவரை ஒவ்வொரு தோல்விக்கும் 'நடுவர்' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஒவ்வொரு முடிவும் இது சரி, இது தவறு என்று எழுத்தில் இருந்தால், மிச்சத் தோல்விகளுக்குக் கிளப்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

வணிக உரிமைகளுக்காக 2010-ல் நீங்கள் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிந்தது. வருடத்துக்கு 50 கோடி வந்துகொண்டிருந்த வழி அது. 2025-ல் விட்ட புது டெண்டருக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. காசில்லாத நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். முடிவை நம்ப முடியாத லீக்கை வாங்க யார் வருவார் என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்.

நாங்கள் கேட்பது இவை.

அடுத்து நடக்கும் முதல் ஆட்டத்திலிருந்து நடுவர் குழுவின் ஹெட்செட் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கோல், பெனால்டி, சிவப்பு அட்டை சார்ந்து சர்ச்சை எழும் முடிவுகளின் ஒலியை மூன்று நாளுக்குள் வெளியிடுங்கள். இதற்கு டெண்டர் வேண்டாம், ஸ்பான்சர் வேண்டாம், ஒரு பதிவுக் கருவி போதும். கண்டீரவா ஆட்டத்தின் பதிவு இருந்தால் அதையும் வெளியிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஒவ்வொரு சுற்று ஆட்டமும் முடிந்த வாரத்தில், நடுவர் துறை தன் பெயரில் ஒரு பக்க மதிப்பீடு வெளியிடட்டும்: எந்த நிமிடம், என்ன முடிவு, எந்தச் சட்டப்பிரிவு, சரியா தவறா. நடுவரின் பெயர் போடவேண்டியதில்லை. ஆங்கிலத்தோடு, அணிகள் இருக்கும் ஊர்களின் மொழிகளிலும் வரட்டும்.

வீடியோ முறையீட்டை முதலில் சூப்பர் கப்பில் சோதித்துவிட்டு, அடுத்த முழு சீசனின் முதல் நாளிலிருந்து ஐ.எஸ்.எல்.லில் கொண்டுவாருங்கள். தேதியை இப்போதே அறிவியுங்கள். 'விரைவில்' என்ற சொல்லை 2023-லேயே கேட்டுவிட்டோம்.

ஐ.எஸ்.எல். ஊதும் நடுவர்களையும் லைன்ஸ்மேன்களையும் மாதச் சம்பள ஒப்பந்தத்தில் எடுங்கள். புது வணிக ஒப்பந்தம் எதுவானாலும் நடுவர் செலவு அதில் தனித் தலைப்பாக, வேறு எதற்கும் திருப்ப முடியாத தொகையாக இருக்கட்டும்.

கிளப்புக்குப் போடும் அபராதம் பெண்கள் அணியையோ இளையோர் அணியையோ தொடக்கூடாது என்று ஒழுங்கு விதியில் ஒரு வரி சேருங்கள். நடுவர் முடிவை, நடுவரைத் திட்டாமல், சட்டத்தைக் காட்டி விமர்சிக்கும் பயிற்சியாளருக்குத் தண்டனை இல்லை என்று இன்னொரு வரி.

கத்தாருக்கு எதிராக நீங்கள் எழுதிய கடிதத்துக்கு ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் என்ன பதில் தந்தன என்பதையும் முழுதாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னை நேரு விளையாட்டரங்கக் கேலரியின் ரசிகர்கள் சிலர்